திருவல்லிக்கேணியில் ஒரு கிளாரினெட் வாத்தியார்

1974-ல் லால்குடியிலிருந்து மெட்ராஸுக்கு வேலைக்கு வந்தபோது எனக்கு 23 வயது. திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஜாகை. மனதில் ஒரே ஆசை, கிளாரினெட் கற்றுக்கொள்ள வேண்டும். திருச்சி வானொலியில் ஏ.கே.சி. நடராஜனைக் கேட்டு வளர்ந்தவனுக்கு வேறென்ன ஆசை வரும்?

மூர் மார்க்கெட்டில் பழைய கிளாரினெட் ஒன்று 120 ரூபாய்க்குக் கிடைத்துவிட்டது. வாத்தியார்தான் கிடைக்கவில்லை. மவுண்ட் ரோடு வாத்தியக் கடையில் விசாரித்தால், "வெஸ்டர்ன் நொட்டேஷன் படிக்கத் தெரியுமா?" என்றார்கள். கர்நாடக சங்கீதம் சொல்லித் தருபவர்களோ, வீணை, வயலின், புல்லாங்குழல் என்றால் வா என்றார்கள். இவ்வளவு பெரிய ஊரில் என் வாத்தியத்துக்கு ஆளில்லையா என்று ஆச்சரியமாக இருந்தது.

கடைசியில் ஒரு கல்யாண ஊர்வலத்தில், பேண்டு செட்டில் சினிமாப் பாட்டு வாசித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், நடுவே ஓய்வு கிடைத்தபோது சும்மா நாலு பிடி தோடி வாசித்தார். அவர் பின்னாலேயே போய்விட்டேன்! வீடு மயிலாப்பூர் சித்திரக்குளம் பக்கம் ஒரு சந்தில். மாதம் 15 ரூபாய் என்று பேச்சு.

முதல் பாடமே தலை சுற்றியது. "தம்பி, இது நாகஸ்வரம் மாதிரி இல்லே. கீழே 'ச' வர்ற அதே விரலடைப்பிலே, மேலே 'ப' வரும்" என்றார். அதைவிடக் கஷ்டம் கமகம். மேல்நாட்டார் விசை வைத்துச் செய்த வாத்தியத்தில், துளையை விரலால் பாதி மூடித் திறந்து ஸ்வரத்தை வழுக்க வேண்டும். அந்த வித்தை எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அவர் வாயிலாகத்தான் இதன் சரித்திரமும் தெரிந்தது. 1700-வாக்கில் ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் டென்னர் என்பவர் உருவாக்கிய கருவி இது. நம் பக்கத்தில் தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி மன்னர் மேல்நாட்டு பேண்டே வைத்திருந்தார். 19-ஆம் நூற்றாண்டில் மகாதேவ நட்டுவனார் கிளாரினெட்டைச் சதிருக்குக் கொண்டுவந்தார் என்பார்கள். கோயிலில் நாகஸ்வரம் 'பெரிய மேளம்' என்றால், சதிர்க் குழு 'சின்ன மேளம்'. பாடகியின் குரலை ஒட்டியே பின்தொடர்ந்தது கிளாரினெட். பாலசரஸ்வதி அம்மாவின் குழுவிலும் இருந்தது.

அப்புறம் 1947-ல் தேவதாசி ஒழிப்புச் சட்டம். சதிர், பரதநாட்டியம் என்ற பெயரில் சபா மேடை ஏறியது. பக்கவாத்தியமாகப் புல்லாங்குழலும் வயலினும் வீணையும் வந்து உட்கார்ந்தன. எங்கள் வாத்தியார், சிறுவயதில் தன் அப்பாவோடு சதிருக்கு வாசித்தவர், பிழைப்புக்காக பேண்டு செட்டுக்குப் போனார்.

ஒருநாள் கேட்டேன், "உங்க பையனுக்கு ஏன் சொல்லித் தரலைங்கய்யா?"

சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "சட்டம் வந்தது நல்லதுக்குத்தான் தம்பி. எங்க வீட்டுப் பொம்பளைங்க மானமா இருக்காங்க. ஆனா ஆட்டத்தை எடுத்துட்டுப் போனவங்க, எங்க குழலை மட்டும் விட்டுட்டுப் போயிட்டாங்க. அதைப் பையன் தலையிலே ஏன் கட்டணும்?" மகன் அப்போது அச்சகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊரெல்லாம் தேடியும் எனக்கு வாத்தியார் கிடைக்காத காரணம் அன்றுதான் விளங்கியது.

1976-ல் மதுரைக்கு மாற்றலானேன். பாடம் வர்ணத்தோடு நின்றது. அடுத்த முறை மெட்ராஸ் போனபோது வாத்தியார் இல்லை.

2008-ல் மியூசிக் அகாடமி ஏ.கே.சி. நடராஜனுக்கு சங்கீத கலாநிதி விருது கொடுத்த செய்தியைப் படித்ததும் பரண் மேலிருந்த பெட்டியை இறக்கினேன். ரீடு வெடித்துப்போயிருந்தது. ஊதவில்லை. துடைத்து, எண்ணெய் போட்டு, பூஜை அறையில் வைத்தேன். இந்தச் செய்தியைக் கேட்க அந்தப் பெரியவர் இல்லையே என்ற குறை இன்றும் எனக்கு உண்டு.