ஆண்டிறுதி இரவில் விழித்திருக்கும் சபைகள்: உடன்படிக்கை ஆராதனை வந்த வழி

டிசம்பர் 31-ஆம் தேதி இரவு, கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வாணவேடிக்கையைக் காண மக்கள் திரள்வார்கள். அதே நேரத்தில் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் பல தேவாலயத்தில் முழங்காற்படியிட்டுப் புத்தாண்டை வரவேற்கின்றன. இதை ஆண்டிறுதி ஆராதனை என்றும் விழிப்பு ஆராதனை என்றும் அழைப்பார்கள். 'வாட்ச் நைட்' என்ற ஆங்கிலப் பெயரும் சபை மக்களிடையே புழக்கத்தில் உள்ளது. இந்த வழக்கத்திற்குப் பின்னால் ஏறத்தாழ முந்நூறு ஆண்டு வரலாறு இருக்கிறது.

ஜெர்மனியில் தொடக்கம்

மொராவியச் சபையினர் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் என்ற சிற்றூரில் 1733-இல் இத்தகைய இரவு ஆராதனையை நடத்தியதாகக் குறிப்பிடப்படுகிறது. சமய ஒடுக்குமுறைக்குத் தப்பி வந்த அவர்களுக்குச் சின்சென்டார்ஃப் பிரபு தம் நிலத்தில் இடம் கொடுத்திருந்தார்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி மொராவியரோடு நெருங்கிப் பழகியவர். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகருக்கு அருகே உள்ள கிங்ஸ்வுட்டில், மதுக்கடையில் இரவைக் கழித்துவந்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் மனந்திரும்பிய பின் அந்த இரவுகளை ஜெபத்தில் செலவிட்டனர். இதைத் தடுக்கும்படி சிலர் கூறியும் வெஸ்லி கேட்கவில்லை. மற்ற ஊர்களிலும் அதைப் பரப்பினார். தெருவிளக்கு இல்லாத காலம் என்பதால், மக்கள் நிலவொளியில் வீடு திரும்ப வசதியாகப் பௌர்ணமியை ஒட்டிய வெள்ளிக்கிழமைகளில் இந்த ஆராதனை நடந்தது. அது ஆண்டின் கடைசி இரவுக்கு உரியதாக நிலைபெற்றது பின்னாளில்தான்.

அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கு இந்த இரவு வேறொரு பொருளையும் தருகிறது. 1862 டிசம்பர் 31 அன்று அவர்கள் தேவாலயங்களில் கூடி, அடிமை விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வரும் நாளுக்காகக் காத்திருந்தனர். மறுநாள், 1863 ஜனவரி 1-இல், ஆபிரகாம் லிங்கன் அதில் கையெழுத்திட்டார்.

உடன்படிக்கை ஆராதனை

விழிப்பு ஆராதனை போன வருடத்தை எண்ணிப் பார்ப்பது. உடன்படிக்கை ஆராதனையோ வரும் வருடத்தைக் கடவுளிடம் ஒப்படைப்பது. வெஸ்லி இதை முதன்முதலாக 1755 ஆகஸ்ட் 11-இல் லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் நடத்தினார். சுமார் 1,800 பேர் எழுந்து நின்று உடன்பட்டனர். அதற்கான வாசகங்களை அவர் ரிச்சர்ட் அலீன் என்ற பியூரிட்டன் போதகரின் நூலிலிருந்து எடுத்தார். பின்னர் இது ஆண்டின் தொடக்கத்தில் நடத்தப்படும் ஆராதனையாக மெதடிஸ்ட் சபைகளில் நிலைத்தது.

பழைய ஏற்பாட்டில் யோசுவா, சீகேமில் மக்களைக் கூட்டி அவர்களின் உடன்படிக்கையைப் புதுப்பித்ததாக வரும் பகுதி (யோசுவா 24) இதற்கு முன்மாதிரியாகக் காட்டப்படுகிறது.

உடன்படிக்கை ஜெபத்தில் சொல்லும் சொல் எளிதானது அல்ல. பணி கிடைத்தாலும் ஒதுக்கப்பட்டாலும், நிறைவிலும் குறைவிலும், தன் வாழ்வு தனக்கு உரியதன்று என்று சபையார் ஒருமித்து அறிக்கையிடுகிறார்கள். நல்ல வேலை, நல்ல உடல்நலம் என்று கேட்கும் புத்தாண்டு வேண்டுதலிலிருந்து இது வேறுபடுவது இங்கேதான்.

நம் வட்டாரத்தில்

மெதடிஸ்ட் ஊழியம் 1885-இல் இந்தியாவிலிருந்து சிங்கப்பூருக்கு வந்தது. இன்று மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ் மெதடிஸ்ட் சபைகள் தத்தம் தமிழ் ஆண்டு மாநாட்டின் கீழ் இயங்குகின்றன. லுத்தரன், ஆங்கிலிக்கன், பெந்தெகொஸ்தே சபைகளிலும் ஆண்டிறுதி ஆராதனை வழக்கத்தில் இருக்கிறது. கத்தோலிக்கர்களுக்கு ஜனவரி 1 இறைவனின் தாய் மரியாவின் பெருவிழா. 1968 முதல் அந்நாள் உலக அமைதி நாளாகவும் கடைப்பிடிக்கப்படுகிறது.

ஜொகூர், கெடா, கிளந்தான், பெர்லிஸ், திரங்கானு ஆகிய மாநிலங்களில் ஜனவரி 1 பொது விடுமுறை அல்ல. அங்கு நள்ளிரவு ஆராதனை முடித்து வீடு திரும்புவோர் சில மணி நேரத்திலேயே வேலைக்குப் புறப்பட வேண்டியிருக்கும்.

பாட்டு, சாட்சி, மௌன ஜெபம், அருளுரை, திருவிருந்து என்பது பொதுவான ஒழுங்கு. கனி கொடாத அத்திமரத்தின் உவமை (லூக்கா 13) இந்த இரவுக்குப் பொருத்தமான பகுதியாகக் கருதப்படுகிறது. மூன்று வருடமாகப் பழமில்லாத மரத்தை வெட்டச் சொல்கிறார் உடைமையாளர். தோட்டக்காரரோ, கொத்தி எருப்போட இன்னும் ஒரு வருடம் தவணை கேட்கிறார். புத்தாண்டு என்பது அப்படிக் கிடைத்த தவணை என்பதே அதன் செய்தி.

வாக்குத்தத்த அட்டை

தமிழ்ச் சபைகள் பலவற்றில் மக்கள் ஆவலோடு எதிர்பார்ப்பது வாக்குத்தத்த அட்டையை. வேத வசனம் அச்சிட்ட அட்டைகளில் ஒன்றை ஒவ்வொருவரும் எடுத்து, வருடம் முழுவதும் வேதாகமத்திலோ பணப்பையிலோ வைத்திருப்பர். மொராவியரிடமும் இதை ஒத்த பழக்கம் உண்டு. சீட்டுப் போட்டு எடுத்த தினவசனங்களை அவர்கள் 1731 முதல் ஆண்டுதோறும் நூலாக வெளியிட்டு வருகின்றனர்.

இதைக் குறித்துச் சபைக்குள்ளேயே மறுப்பும் உண்டு. வசனத்தைக் குறிசொல்லும் சீட்டாக ஆக்கிவிடக் கூடாது என்பதே மறுப்போரின் கவலை. அவர்கள் சுட்டிக்காட்டத்தக்க எடுத்துக்காட்டு எரேமியா 29:11. நல்ல எதிர்காலத்தை உறுதிசொல்லும் இவ்வசனம் புத்தாண்டு வாழ்த்துகளில் அடிக்கடி இடம்பெறுகிறது. ஆனால் அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதத்தில் வருகிறது. விடுதலைக்கு எழுபது வருடம் ஆகும் என்று முந்தைய வசனம் சொல்கிறது. அதுவரை வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், வாழும் நகரத்தின் நலனுக்காக ஜெபியுங்கள் என்பது அக்கடிதத்தின் அறிவுரை. அட்டையை ஆதரிப்போரோ, ஒரு வசனத்தை வருடம் முழுதும் மனத்தில் இருத்துவது அதன் முழு அதிகாரத்தையும் வாசிக்கத் தூண்டும் என்கின்றனர்.

அட்டை எடுத்த வீட்டில் அந்த வசனம் வரும் அதிகாரத்தை ஜனவரி முதல் வாரத்திலேயே குடும்பமாக உட்கார்ந்து வாசித்தால், இரு தரப்பினரின் எண்ணமும் நிறைவேறும்.