ஓரத்தில் போகிறவர்கள்

எங்கள் ஊருக்குப் போகும் சாலைக்கு என்ன வயது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அது வளர்ந்த கதையைச் சொல்லத் தெரியும். என் தாத்தா அதை வண்டிப் பாதை என்றார். என் தகப்பனார் கப்பி ரோடு என்றார். நான் தார் ரோடு என்று சொல்லிப் பழகினேன். சென்ற தடவை நான் போயிருந்தபோது அதை மறுபடியும் அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் வெட்டி ஜல்லி கொட்டியிருந்தது. புளியமரங்கள் நின்ற இடத்தில் குழிகள் இருந்தன.

டீக்கடைப் பெஞ்சியில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவரிடம், "ரோடு பிரமாதமாக வருகிறதே!" என்றேன்.

"வருது தம்பி, வருது. ஆனா ரோட்டுக்கு ஓரம்னு ஒண்ணு இருந்துதே, அதைத்தான் காணோம்" என்றார்.

அவர் சொல்லி முடிக்கவும், பள்ளிக்கூடம் விட்டு ஒரு பெண் சைக்கிளில் வரவும் சரியாக இருந்தது. பின்னால் லாரி ஒன்று ஹாரனை அலறவிட்டது. அவள் சட்டென்று இறங்கி, சைக்கிளை ஜல்லிக் குவியலின் மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். லாரி போயிற்று. புழுதி அடங்கியது. அவள் மறுபடியும் ஏறி மிதித்தாள். முகத்தில் கோபம் இல்லை, பயமும் இல்லை. தினம் நடக்கிற காரியம் போலிருக்கிறது. அதுதான் என்னை உறுத்தியது.

வீட்டுக்கு வந்ததும் சாலைகளின் சரித்திரத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

பழைய காலத்துச் சாலைக்கு ஓரம்தான் முக்கியம். பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாளின் பெயரை இன்றும் தெற்கே ஜனங்கள் சொல்கிறார்களே, எதற்காக? சாலை போட்டாள், மரம் நட்டாள், சத்திரம் கட்டினாள் என்பதற்காகத்தான். மரமும் சத்திரமும் நடந்து போகிறவனுக்காக ஏற்பட்டவை. நடுவில் வண்டி போகும்; நிழலில் மனிதன் போவான்.

பிறகு வந்தவர் ஸ்காட்லாந்துக்காரரான ஜான் மெக்காடம். 1816-இல் பிரிஸ்டல் வட்டாரச் சாலைகளின் பொறுப்பு அவரிடம் வந்தது. அவருடைய யோசனை மிகவும் சாதாரணமானது. மண்ணைச் சற்று உயர்த்தித் தண்ணீர் வடியும்படி செய். அதன்மேல் பெரிய பாறை வேண்டாம். சிறு சிறு ஜல்லியாக உடைத்துப் பரப்பு. ஒரு கல் ஆறு அவுன்ஸுக்கு மேல் எடை இருக்கக் கூடாது. அப்புறம் வண்டிகளை ஓட விடு. இரும்புப் பட்டை போட்ட சக்கரங்கள் கல்லை நசுக்கித் தூளாக்கி, அந்தத் தூளாலேயே சாலையை இறுக்கிவிடும். நம் ஊர்க் கப்பி ரோடுகள் எல்லாம் இந்த வம்சத்தைச் சேர்ந்தவைதாம்.

இதற்குப் பிறகுதான் சைக்கிள் வந்தது. இன்று நாம் ஓட்டும் மாதிரிக்கு முன்னோடியான வண்டி 1885-இல் இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரில் விற்பனைக்கு வந்தது. 1888-இல் பெல்பாஸ்ட் நகரத்து மிருக வைத்தியர் டன்லப், தம் பிள்ளையின் மூன்று சக்கர வண்டிக்காகச் செய்துபார்த்த காற்றடைத்த ரப்பர் டயருக்கு உரிமை பெற்றார். ஆனால் டயர் மட்டும் இருந்தால் போதுமா? சாலை குண்டும் குழியுமாகக் கிடந்தது. ரயில் வந்த பிறகு நாட்டுப்புறச் சாலைகளைக் கவனிப்பாரில்லை. அப்போது நல்ல சாலை வேண்டும் என்று முதலில் சங்கம் கூட்டியவர் யார் என்று நினைக்கிறீர்கள்? மோட்டார் முதலாளிகள் அல்ல. மோட்டார் அப்போது சாலைகளில் பரவியிருக்கவில்லை. சைக்கிள்காரர்கள்தாம்! 1880-களின் நடுவில் இங்கிலாந்தில் அவர்கள் சாலை அபிவிருத்திச் சங்கம் ஒன்றை ஏற்படுத்தினார்கள். அமெரிக்காவிலும் சைக்கிள் சங்கத்தார், நல்ல சாலைக்காக 1892-இல் ஒரு பத்திரிகையே நடத்தத் தொடங்கினார்கள்.

அவர்கள் கேட்ட நல்ல சாலை கிடைத்தது. ஆனால் அதில் ஓட வந்தது மோட்டார். வேகமாக ஓடும் ரப்பர் டயர், கப்பி ரோட்டை இறுக்கிப் பிடித்திருந்த தூளை உறிஞ்சி எடுத்துப் புழுதியாகப் பறக்கவிட்டது. புழுதியை அடக்கத் தார் வேண்டியிருந்தது. தாரும் கல்லும் கலந்து போடும் முறைக்கு ஹூலி என்ற இஞ்சினீயர் 1902-இல் காப்புரிமை வாங்கினார். தார் வந்ததும் வேகம் வந்தது. வேகம் வந்ததும் ரோட்டை அகலமாக்க வேண்டியதாயிற்று. சாலை கேட்டவனே சாலைக்கு இடைஞ்சல் ஆனான்.

1934 டிசம்பரில் லண்டன் மேற்குப் பெருஞ்சாலையில் சுமார் இரண்டரை மைலுக்குச் சைக்கிள் தடம் ஒன்று திறந்தார்கள். திறந்துவைத்தவர் போக்குவரத்து மந்திரி ஹோர் பெலிஷா. அகலம் எட்டரை அடி. சைக்கிள்காரர்கள் சந்தோஷப்பட்டிருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? அவர்களுடைய சங்கம் பலமாக எதிர்த்தது. "எங்களைச் சாலையை விட்டு ஒதுக்குவதற்கு இது முதல் படி" என்பது அவர்கள் பயம். தடம் கரடுமுரடாக இருக்கிறது, சந்திப்பு வந்தால் காணாமல் போகிறது என்பது குறை. சாலையைப் போட்டு முடித்த பிறகு பக்கத்தில் ஒட்டுப் போட்டால் வேறு எப்படி இருக்கும்?

அதே 1934 டிசம்பரில்தான் நம் நாட்டில் இந்தியச் சாலைக் காங்கிரஸ் பிறந்தது. சாலையின் அளவுகளை வகுத்துச் சொல்வது அதுதான். ஒற்றைத் தடம் 3.75 மீட்டர், அடுத்த நிலை 5.5 மீட்டர், இரட்டைத் தடம் 7 மீட்டர். ஏழை நாட்டில் எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்துவிட முடியாது. முதலில் மண், பிறகு கப்பி, பிறகு தார், பிறகு அகலம் என்று படிப்படியாகத்தான் போக முடியும். நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு படியிலும் நடுப்பகுதிக்குக் கொடுத்த இடம் எங்கிருந்து வந்தது? ஓரத்திலிருந்துதான் வந்தது.

வேறு விதமாகச் செய்ய முடியாதா? ஹாலந்துக்காரர்கள் செய்து காட்டினார்கள். அவர்களும் ஒரு காலத்தில் மோட்டாருக்குத்தான் வழிவிட்டார்கள். 1971-இல் அந்தச் சிறிய நாட்டில் மூவாயிரம் பேருக்கு மேல் சாலையில் மாண்டார்கள்; அவர்களில் 400-க்கு மேற்பட்டவர்கள் குழந்தைகள். சாலை விபத்தில் மகளைப் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர், 1972-இல், "குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்" என்ற தலைப்பில் எழுதினார். அந்தத் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. தாய்மார்கள் வீதிக்கு வந்தார்கள். 1973-இல் பெட்ரோல் பஞ்சம் வேறு சேர்ந்துகொண்டது. அதன் பிறகு ஒரு சாலையைத் தோண்டிப் புதுப்பிக்கும் முறை வரும்போதெல்லாம் சைக்கிள் பாதையையும் சேர்த்தே வரைபடம் போடலானார்கள். கிராமத்துச் சாலைகளில் கூட, நடுவே ஒரு புல்வரப்பு விட்டு அதற்கு அப்பால் சைக்கிள் பாதை போவதைக் காணலாம். அவர்களும் படிப்படியாகத்தான் செய்தார்கள். ஆனால் ஓரத்தைக் கடைசிப் படிக்கு ஒத்திவைக்கவில்லை.

நமக்கு அந்த நாட்டின் கதை எதற்கு என்று கேட்காதீர்கள். 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஏறினார்கள். கேலி செய்தவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே மணி அடித்தார்கள். அவர்களில் வயலில் வேலை செய்கிறவர்கள் இருந்தார்கள்; கல் குவாரியில் ஜல்லி உடைக்கிறவர்களும் இருந்தார்கள்.

இதைப் படித்தபோது ஜல்லிக் குவியலில் சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு நின்ற அந்தப் பெண்ணின் நினைவு வந்தது. சாலைக்குக் கல் உடைக்கிறவர்களும் அதன் ஓரத்தில்தான் போகிறார்கள். நம் சாலைக்கு இன்னும் பல படிகள் பாக்கியிருக்கின்றன. அடுத்த படிக்குக் கோடு போடுகிற இஞ்சினீயர் யாராக இருந்தாலும், அவரிடம் நான் கேட்பது ஒன்றுதான். பேனாவை நடுவிலிருந்து தொடங்காமல், ஒரே ஒரு தடவை ஓரத்திலிருந்து தொடங்கிப் பாருங்கள், ஐயா.