'வேணும்' என்ற சொல்லும் 'விசுவாசம்' என்ற சொல்லும்



ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் ஆறு வயதுப் பிள்ளைக்கு, "இயேசு நமக்காக இறந்தார்" என்று சொல்லிக் கொடுக்கிறோம். "ஏன் இறந்தார்? அவரைப் பிடித்துக்கொண்டு போனார்களே, அதனாலா?" என்று அது திருப்பிக் கேட்டால் பெரியவர்கள் நாமே சற்றுத் தடுமாறுகிறோம். இதே கேள்வி 1544-ஆம் ஆண்டிலேயே நம் முத்துக்குளித்துறையில் எழுந்தது. ஒரு தமிழ்ச் சொல்லின் வழியாக எழுந்தது.

அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் அந்தக் கடற்கரையின் பரதவ மக்கள் ஆயிரக்கணக்கில் திருமுழுக்குப் பெற்றிருந்தார்கள். திருமுழுக்குக் கொடுத்தவர்கள் போய்விட்டார்கள். கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. 1542 அக்டோபரில் புனித பிரான்சிஸ் சவேரியார் அங்கே வந்து, "நீங்கள் எதை நம்புகிறீர்கள்?" என்று கேட்டார். தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பது தெரியும், போர்த்துக்கீசியரின் மொழி தெரியாததால் எதை நம்ப வேண்டும் என்பது மட்டும் தெரியாது என்று மக்கள் பதில் சொன்னார்கள். அதில் அவர்கள் குற்றம் ஒன்றுமில்லை என்றே நான் சொல்வேன்.

சவேரியாரைத் தேடி முதலில் வந்தவர்கள் சிறுவர்கள். செபம் சொல்லித் தரும்படி கேட்டு, தம்மைக் கட்டளைச் செபம் சொல்லவோ சாப்பிடவோ தூங்கவோ விடவில்லை என்று தூத்துக்குடியிலிருந்து எழுதிய கடிதத்தில் அவர் குறிப்பிடுகிறார். விண்ணரசு இப்படிப்பட்டவர்களுடையது என்ற ஆண்டவரின் வார்த்தை அப்போதுதான் தமக்குப் புரியத் தொடங்கியது என்றும் எழுதுகிறார்.

அவருக்கோ தமிழ் தெரியாது. தமிழும் போர்த்துக்கீசும் ஓரளவு அறிந்த சிலரைக் கூட்டி உட்காரவைத்து, பல நாள் பாடுபட்டு, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள், கர்த்தர் கற்பித்த செபம், மங்கள வார்த்தை முதலியவற்றைத் தமிழாக்கினார். அவற்றைத் தாமும் மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியோடு தெருத் தெருவாக நடந்து, சிறுவர்களையும் முடிந்தவரை பெரியவர்களையும் கூட்டினார். நாளுக்கு இருமுறை வகுப்பு. ஒரு மாதத்தில் செபங்கள் படிந்துவிட்டன. இனி நீங்கள் வீட்டுக்குப் போய் அப்பா, அம்மா, அண்டை வீட்டார் எல்லாருக்கும் சொல்லிக் கொடுங்கள் என்று பிள்ளைகளை அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் முழுவதும் கூடும். விசுவாசப் பிரமாணத்தின் ஒவ்வொரு பகுதியையும் சொல்லி, "இதை விசுவசிக்கிறீர்களா?" என்று அவர் கேட்பார். மக்கள் கைகளை மார்பின்மேல் குறுக்காக வைத்து, உரத்த குரலில் ஆம் என்பார்கள்.

ஆனால் அந்த மொழிபெயர்ப்பில் குறை இருந்தது. 1544-இல் தம் உடன் உழைப்பாளர் பிரான்சிஸ்கு மன்சிலாசுக்கு எழுதிய கடிதம் ஒன்றில் சவேரியார் இரண்டு திருத்தங்கள் சொல்கிறார். முதலாவது: விசுவாசப் பிரமாணத்தில் 'எனக்கு வேணும்' என்று சொல்லிவந்த இடத்தில் இனி 'விசுவாசம்' என்ற சொல் வர வேண்டும். கடவுள் எனக்கு வேண்டும் என்பது நல்ல ஆசைதான். பிள்ளை மிட்டாயையும் அதே சொல்லால்தான் கேட்கிறது. என் வாழ்வை நம்பி அவர் கையில் ஒப்படைக்கிறேன் என்பதற்கு அந்தச் சொல் போதாது.

இரண்டாவது திருத்தம் இன்னும் ஆழமானது. கிறிஸ்துவின் பாடுகளைப் பற்றிச் சொல்லும்போது 'வன்பினாலே' என்ற சொல் நுழைந்திருந்தது. வன்பு என்றால் பலவந்தம். கிறிஸ்து தாமாக விரும்பியே பாடுபட்டார், கட்டாயத்தினால் அல்ல. ஆகவே அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள் என்கிறார் சவேரியார். மீட்பின் செய்தி முழுவதும் இந்த ஒரு சொல்லைச் சுற்றித்தான் நிற்கிறது. பலவந்தமாகக் கொல்லப்பட்டவர்மேல் பிள்ளைக்கு இரக்கம் வரும். தன்மேல் கொண்ட அன்புக்காகத் தாமே உயிரைக் கொடுத்தவர் என்று தெரிந்தால்தான் அவரைத் திருப்பி அன்புசெய்யத் தோன்றும். யோவான் நற்செய்தி பத்தாம் அதிகாரத்தில் நல்ல ஆயர் சொல்வதும் இதுதான்: தம் உயிரை எவரும் பறிப்பதில்லை, தாமே கொடுக்கிறார்.

சிறுவர்கள் கற்றதோடு நிற்கவில்லை. நோயாளிகள் பலர் கூப்பிட்டு, எல்லா இடத்துக்கும் போக முடியாதபோது, சவேரியார் தமக்குப் பதிலாகப் பிள்ளைகளை அனுப்பினார். அவர்கள் அந்த வீட்டாரையும் அக்கம்பக்கத்தாரையும் கூட்டி, விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லி, நோயாளிக்காகச் செபித்தார்கள். அதே 1544 சனவரிக் கடிதத்தில், சிறுவர்கள் சிலைகளை உடைத்ததையும், பெற்றோரைக் கண்டித்து அவரிடம் வந்து சொன்னதையும் அவர் மகிழ்ச்சியோடு எழுதுகிறார். அந்தப் பகுதியை இன்று எந்த மறைக்கல்வி ஆசிரியரும் பிள்ளைகளுக்கு முன்மாதிரியாகக் காட்டக்கூடாது. புனிதர்களும் தம் காலத்தின் பிள்ளைகளே.

சவேரியார் ஓரிடத்தில் தங்குபவர் அல்லர். எனவே ஊர்தோறும் கணக்கப்பிள்ளை என்ற பெயரில் உபதேசியாரை வைத்து, செபங்களை ஓலையில் எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போவார். சொற்களைச் சரிபார்க்கும் வேலை அவருக்குப் பின் 1547-இல் வந்த அண்டிரிக் அடிகளாருக்கு வாய்த்தது. அவர் தமிழை இலக்கணத்தோடு கற்றார். 1578-இல் கொல்லத்தில் அவருடைய 'தம்பிரான் வணக்கம்' அச்சானது, பதினாறே பக்கம். அடுத்த ஆண்டு கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' வந்தது. இதன் மூலநூல், சிறுவர்களுக்குக் கற்பிப்பதற்கென்றே மார்க்கோஸ் ஜோர்ஜ் என்ற இயேசுசபைக் குரு போர்த்துக்கீசில் கேள்வி பதிலாக எழுதியது. தமிழ் எழுத்தில் அச்சான மிகப் பழைய புத்தகங்களில் ஒன்று பிள்ளைகளுக்கான ஞானோபதேசம் என்பதைத் தமிழ் ஆசிரியர்கள்கூட அதிகம் சொல்வதில்லை.

நம் தாத்தா பாட்டிமார் 'சின்னக் குறிப்பிடம்' என்று மனப்பாடம் செய்ததும் இதே கேள்வி பதில் முறையில்தான். அவர்களில் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், முதல் கேள்வியை மட்டும் இன்று கேட்டுப் பாருங்கள். பதில் தானாக வரும்.