பெர்லின் பாடகர் சபையின் ஒரு தேர்தல்

1833 ஜனவரியில் பெர்லினில் ஒரு தேர்தல் நடந்தது. ஸிங்அகாடமி என்னும் பாடகர் சபைக்குப் புதிய இயக்குநர் வேண்டியிருந்தது. போட்டியிட்டவர்களில் ஒருவர் 23 வயது ஃபெலிக்ஸ் மெண்டல்ஸோன். சபையினர் 148 வாக்குகளை அளித்து ருங்கன்ஹாகனைத் தேர்ந்தெடுத்தனர். மெண்டல்ஸோனுக்குக் கிடைத்தவை 88. ருங்கன்ஹாகன் நெடுங்காலம் உதவியாளராக இருந்தவர், பழகிய முகம். மெண்டல்ஸோனின் இளமையும், ஞானஸ்நானம் பெற்றவராயினும் அவரது யூதக் குடும்பப் பின்னணியும் எதிராக நின்றன என்பர். அவரது குடும்பத்தினர் சபையை விட்டு விலகினர்.

இதன் கசப்பை உணர நான்கு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1829 மார்ச் 11 அன்று, இதே சபையினரைக் கொண்டு, பாஹின் 'மத்தேயுவின் பாடுகள்' இசைப்படைப்பை அவர் நிகழ்த்தியிருந்தார். 1750இல் பாஹ் மறைந்தபின் பொதுமக்கள் ஏறக்குறைய மறந்தே போயிருந்த படைப்பு அது. சபையின் அன்றைய தலைவர் ஸெல்ட்டர், கொத்தனார் தொழிலில் தேர்ந்தவர், கதேயின் நண்பர், அதைத் துண்டுதுண்டாக ஒத்திகை பார்த்திருந்தாரே தவிர, மேடையேற்றலாம் என நம்பியவரல்லர். இருபது வயது மாணவனும் அவனுடைய நண்பன் டெவ்ரியன்ட்டும் அவரை இணங்க வைத்தனர். அவையில் ஹெகலும் இருந்தார். பாஹுக்கு இன்றிருக்கும் இடத்தின் தொடக்கம் அந்த மாலைதான் என்றால் மிகையில்லை.

இச்சபையை 1791இல் தொடங்கியவர் ஃபாஷ். மாமன்னர் ஃபிரெடெரிக்கின் அரண்மனையில் ஹார்ப்ஸிகார்ட் வாசித்தவர். முதலில் ஒரு வீட்டின் கூடத்தில் கூடினர், பின்பு கலை அகாடமியின் அறையில்; பெயரும் அங்கிருந்தே வந்தது. தொழில்முறைப் பாடகர்கள் அல்லர், பாட விரும்பிய நகரத்தார். ஆண்களும் பெண்களும் ஒன்றாகப் பாடினர் என்பது அக்காலத்தில் சிறிய செய்தியன்று. தேவாலயத்துக்காகவோ அரசவைக்காகவோ அன்றித் தமக்காகவே பழைய திருச்சபை இசையைப் பயின்றனர். பிரதிகளையும் திரட்டினர். மெண்டல்ஸோனின் பாட்டியின் சகோதரி ஸாரா லெவி அளித்த பிரதிகளும் அவற்றுள் உண்டு.

அந்தச் சேகரமே பின்னாளில் பெரும் இழப்பாகவும் ஆயிற்று. இரண்டாம் உலகப் போரில் பாதுகாப்புக்காக ஸிலேஸியாவுக்கு அனுப்பப்பட்டது. போர் முடிந்ததும் சோவியத் படையினர் அதைக் கீவ் நகருக்குக் கொண்டுசென்றனர். அரை நூற்றாண்டுக்கும் மேலாக அழிந்துவிட்டதென்றே பலர் எண்ணினர். 1999இல் இசை ஆய்வாளர் கிறிஸ்டோஃப் வோல்ஃபும் அவரது தோழர்களும் உக்ரைனியக் காப்பகத்தில் அதைக் கண்டறிந்தனர். 5000க்கும் மேற்பட்ட பிரதிகள். பாஹின் மகன் கார்ல் ஃபிலிப் எமானுவேலின் தொலைந்துபோன படைப்புகள் பல அவற்றில் இருந்தன. 2001இல் பெர்லின் திரும்பின.

மண்டபத்தின் கதை வேறு. 1827இல் சபை தனக்கெனக் கட்டிய கட்டடம் போருக்குப்பின் கிழக்கு பெர்லினில் சிக்கியது. 1952 முதல் மாக்ஸிம் கார்க்கி நாடகக் குழுவின் இடம். 1961இல் எழுந்த சுவர் பாடகர்களையும் பிரித்தது. கிழக்கில் இருந்தவர்கள் 1963இல் தனியே ஒரு பாடகர் குழுவை அமைத்தனர். நகரம் இணைந்த பின்னும் இரண்டும் இணையவில்லை. கட்டடம் சபைக்கே உரியது என நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்தது. ஆனாலும் அங்கே நாடகம்தான் தொடர்ந்து நடக்கிறது.