கோழிக்கூடும் தோட்டத் தமிழும்

பேரா மாநிலத் தோட்டப்புறத் தமிழர் வரலாற்றை எழுதியோர் பால்மரத்தை எழுதினர், கங்காணியை எழுதினர், கூலியையும் தொழிற்சங்கத்தையும் எழுதினர். லயத்தின் பின்புறத்தில் நின்ற கோழிக்கூட்டை எழுதியோர் அரியர். ஆயினும் தொழிலாளி தன் கையால் கட்டித் தனக்கென வைத்திருந்த கட்டடம் பெரும்பாலும் அது ஒன்றே. குடியிருந்த லயம் நிர்வாகத்தின் உடைமை. வேலை போனால் வீடும் போகும். கூட்டையும் கோழிகளையுமே தொழிலாளர் தம்முடையன என்று சொல்ல முடிந்தது. அக்கூட்டின் வரலாற்றையும், அதனோடு வாழ்ந்து இன்று அதனோடு மறைந்துவரும் சொற்களையும் இவ்வுரை எடுத்துக்கொள்கிறது.

கப்பலேறி வந்த சொற்கள்

கோழி தமிழ் மொழியில் பழைய குடி. சோழர் தலைநகராகிய உறையூருக்கே கோழி என்பது ஒரு பெயர். தொல்காப்பிய மரபியல் விலங்கு, பறவைகளின் ஆண், பெண், இளமைப் பெயர்களை வகுக்குமிடத்தில், கோழிப்பெண்ணுக்கு ‘அளகு’ என்னும் பெயரைத் தருகிறது. அப்பெயரில் கூகைக்கும் உரிமையுண்டு. இன்று எவர் வாயிலும் ‘அளகு’ இல்லை. பெட்டையும் பேடும் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. மறுபுறம், நாம் நாள்தோறும் வழங்கும் ‘குஞ்சு’ மரபியல் கூறும் இளமைப் பெயர்களுள் இல்லை. சொற்கள் தோன்றுவதும் மறைவதும் இயல்பே என்பதற்கு இது சான்று. ஆனால் ஒரு சொல் மற்றொன்றுக்கு இடம்விட்டு மறைவது வேறு. பொருளே போனதால் சொல் போவது வேறு.

தமிழகத்துச் சிற்றூரில் கோழி காக்கப் பயன்பட்டது பஞ்சாரம். மூங்கிற் பிளாச்சால் முடைந்து தரையில் கவிழ்க்கும் பெருங்கூடை. குடாப்பு என்றொரு பெயரும் கோழிக்கூட்டுக்கு உண்டு. முட்டையிடும் பருவத்தை எட்டும் இளம்பெட்டை விடைக்கோழி, பேச்சில் ‘வெடைக்கோழி’. முட்டைமேல் அமர்ந்தது அடைக்கோழி. பொரியாமல் கெட்டது கூமுட்டை. இத்தனை சொற்களும் தொழிலாளரோடு கடல் கடந்தன.

லயத்தின் பின்புறம்

1877இல் பேராவின் கோலகங்சாரில் இரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவை பெருந்தோட்டங்களாகப் பெருகியபோது, தமிழகத்து மாவட்டங்களிலிருந்து கங்காணி முறையில் ஆள் திரட்டப்பட்டது. பின்னர் வந்த தொழிலாளர் சட்டம், குடும்பத்தோடு வாழும் தொழிலாளிக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலத்தைப் பயிரிடவோ கால்நடை மேய்க்கவோ ஒதுக்கும்படி தோட்டங்களைப் பணித்தது. கீரைப்பாத்தியும் முருங்கையும் கோழிக்கூடும் இத்தகைய சிறு நிலத்தில் நிலைபெற்றன.

நிலம் மாறியதும் கூடும் மாறிற்று. வறண்ட மண்ணுக்கு ஏற்ற பஞ்சாரம் பேராவின் மழைக்கு ஈடுகொடுக்கவில்லை. ஈரத்தரையில் குஞ்சுகளுக்குச் சீக்கு வரும். இரவில் மரநாயும் மலைப்பாம்பும், பகலில் உடும்பும் வரும். மலாய்க் கம்பங்களில் ‘ரெபான்’ எனப்படும் கோழிக்கூடு கால்மேல் நின்றது. தோட்டத்துத் தமிழரும் அவ்வழியே மரக்கால் ஊன்றி, இடைவெளி விட்டுச் சட்டம் பரப்பி, அத்தாப்போ தகரமோ வேய்ந்து கூடு கட்டினர். அமைப்பை மலாய்க்காரரிடம் பெற்றவர் பெயரைப் பெறவில்லை. ‘கூடு’ கூடாகவே நின்றது. கோழியின் பெயரிலோ நிலைமை வேறு. தமிழகத்து ‘நாட்டுக்கோழி’ இங்கே ‘கம்பத்துக் கோழி’ ஆயிற்று. ‘கம்போங்’ என்னும் மலாய்ச் சொல் தமிழ் ஒலிக்கு இசைந்து ‘கம்பம்’ ஆகி, அத்துச் சாரியையும் ஏற்றது. எதைக் கடன் பெறுவது, எதைத் தன்னிடம் வைத்துக்கொள்வது என்பதைப் பேசுவோர் எத்துணை நுட்பமாக முடிவு செய்கின்றனர் என்பதை இவ்விரு சொற்களும் காட்டுகின்றன.

கோழி பெண்களின் சேமிப்பு. கூலி கைக்கு வந்ததும் கடைக்கணக்குக்குப் போகும். முட்டை விற்ற காசு முந்தானையில் முடியப்படும். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியக் குழம்பும், முனியாண்டிக்கு நேர்ந்த சேவலும், தீபாவளிக் கறியும் அக்கூட்டிலிருந்தே வந்தன. 1930களின் தொடக்கத்தில் இரப்பர் விலை வீழ்ந்து, கூலி ஏறத்தாழப் பாதியாகி, பல்லாயிரவர் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்ட காலத்தில், எஞ்சியோர்க்கு இச்சிறு சேமிப்பின் அருமை விளங்கிற்று.

அடைதலும் அடைத்தலும்

ஆசிரியர்கள் வகுப்பில் எடுத்துக்காட்டத் தக்க ஒன்று இங்கே உண்டு. மாலையில் கோழி தானே கூட்டுக்குள் புகுந்தால், ‘கோழி அடைந்தது’ என்போம். நாம் பிடித்து உள்ளே விட்டால், ‘கோழியை அடைத்தோம்’ என்போம். முன்னது தன்வினை, பின்னது பிறவினை. ‘ந்த்’ ‘த்த்’ ஆகும் ஓர் ஒலிமாற்றத்தில் செயலுக்கு உரியவர் மாறிவிடுகின்றார். முட்டைமேல் இருபத்தொரு நாள் அமர்வதோ ‘அடைகாத்தல்’. கோழி வளர்த்த வீட்டுப் பிள்ளைக்கு இவ்வேறுபாட்டை விளக்க இலக்கண நூல் வேண்டியதில்லை; அந்தி நேரத்தில் கூட்டருகே நின்றால் போதும்.

நோயும் மருந்தும்

கூட்டைக் காலிசெய்த பெரும்பகை நோய். தமிழகத்தார் வெள்ளைக்கழிச்சல் என்பதை உலகம் நியூகாசில் நோய் என்கிறது. 1926இல் சாவகத்திலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் அது அறியப்பட்டது. இந்தியாவில் இராணிக்கேட் என்னும் ஊர்ப்பெயரையும் பெற்றது. ஈப்போவில் 1948இல் நிறுவப்பட்ட கால்நடை ஆய்வு நிலையம் நம் மாநிலத்தின் பெருமை. 1980களில் மலேசிய, ஆஸ்திரேலிய ஆய்வாளர் இணைந்து, வெப்பத்தைத் தாங்கும் தடுப்பு மருந்தைத் தீவனத்தோடு கலந்து கொடுக்கும் முறையை நம் நாட்டில் சோதித்தனர். திரியும் கோழியைப் பிடித்து ஊசி போடுவது எளிதன்று. இரையாக இட்டால் தானே வந்து உண்ணும் என்பதே அதன் கருத்து.

கூடு கலைந்த காலம்

1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்டக்காரர் மூவர் கொல்லப்பட்டனர், அவசரகாலம் வந்தது. சிதறிக்கிடந்த லயங்கள் முள்வேலிக்குள் ஒருங்கு சேர்க்கப்பட்டன. 1950களில் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது, அதே சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் பணத்தாலேயே தோட்டம் வாங்க வழிசெய்தார். பின்னர் இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. மக்கள் ஈப்போவின் அடுக்குமாடிகளுக்கும் வரிசை வீடுகளுக்கும் பெயர்ந்தனர். நான்காம் மாடியில் கோழி அடைய இடமேது? கூடு போனபோது வெடைக்கோழியும் கூமுட்டையும் பேச்சிலிருந்து நழுவின. பேரங்காடியில் பிளாஸ்டிக் பைக்குள் குளிர்ந்து கிடப்பதற்குப் பெட்டை, சேவல், பருவம் எதுவும் இல்லை. அது வெறும் ‘கறி’.

பள்ளியில் ஒரு கூடு

மலேசிய மாநிலங்களுள் தமிழ்ப்பள்ளிகள் மிகுதியாக உள்ளது பேரா. அவற்றுள் பல, தோட்டத்து நிலத்தில் தோன்றியவை. இடமுள்ள பள்ளி, ஊராட்சி மன்ற விதிகளைக் கேட்டறிந்து, ஐந்து பெட்டையும் ஒரு சேவலும் கொண்ட சிறு கூட்டம் ஒன்றை வளர்க்கலாம். ஆறடி நீளமும் நான்கடி அகலமும் உள்ள கூடு போதும். தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், எச்சம் கீழே விழும்படி இடைவெளிவிட்ட சட்டத்தளம். சாரல் புகாதபடி நீண்ட தாழ்வாரம். காற்றோடும் பக்கங்களில் மரநாய் கை நுழைக்க இயலாத சிறுகண் கம்பிவலை. காலை வெயில் படும் கிழக்கு வாசல். அமர்ந்து உறங்க ஒரு கழி. வைக்கோலிட்ட முட்டைப்பெட்டி இரண்டு. புழுதி குளிக்கச் சாம்பலும் மணலும். குருணையும் தேங்காய்ப் பிண்ணாக்கும் இரை.

கூடு வைக்க இயலாத பள்ளியும் ஒன்று செய்யலாம். தோட்டத்தில் கோழி வளர்த்த பாட்டிமார் இன்றும் புந்தோங்கிலும் சுங்கை சிப்புட்டிலும் வாழ்கின்றனர். மாணவர் அவர்களிடம் சென்று, கோழியின் பருவங்களுக்கும் நிறங்களுக்கும் நோய்களுக்கும் அவர்கள் வழங்கிய பெயர்களைக் கேட்டு எழுதட்டும். கோழியை அழைத்த ஒலியையும் பதிவு செய்யட்டும். எந்தத் தோட்டத்தில் எச்சொல் வழங்கிற்று என்பதைக் குறிக்க மறவாதிருத்தல் வேண்டும். அகராதி ஏறாத சொற்கள் அவற்றுள் பல இருக்கும். தோட்டங்களின் பெயர்களைக்கூட வரைபடத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். அங்கே பேசப்பட்ட தமிழை நீக்குவதற்கு நாம் உடன்படலாகாது.