திருச்சபை ஐக்கியத்தில் ஏற்பும் விதியும்: மதுரை, கொடைக்கானல் வட்டார வரலாற்றை முன்வைத்து

எல்லாச் சாதியாரையும் எல்லா நாட்டாரையும் ஏற்பதே கிறிஸ்தவ ஐக்கியம் என்பதைத் தமிழகத்தில் இயங்கிய மிஷன்கள் கொள்கையளவில் மறுத்ததில்லை. அந்த ஏற்பு எந்தச் செயலால் உறுதிப்படுகிறது, அதற்கான விதியை வகுப்பவர் யார், வகுத்தவரையும் அவ்விதி கட்டுப்படுத்துமா என்பவற்றில்தான் பூசல் எழுந்தது. ஏற்பின் அளவுகோல் பிறருக்கு மட்டும் விதிக்கப்பட்டபோது அது ஒழுங்கு நடவடிக்கையாகச் சுருங்கியது என்பதும், ஏற்போரையும் அது கட்டுப்படுத்தியபோதே ஐக்கியத்துக்கு இடம் உண்டாயிற்று என்பதும் இக்கட்டுரை நிறுவ முற்படும் கருத்து.

1834இல் மதுரையில் பணி தொடங்கிய அமெரிக்கன் மதுரை மிஷன், 1847இல் சாதியைக் கைவிட்டதற்குச் சான்றாகச் சபையார் அனைவரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணவேண்டும் என்று விதித்தது. ‘அன்பின் விருந்து’ எனப்பட்ட இந்தச் சமபந்திக்கு உடன்படாத சபையாரும், ஊர்தோறும் வேதம் கற்பித்துச் சபை நடத்திய உபதேசியார்களும் விலக்கப்பட்டனர். 1850இல் சென்னையில் கூடிய மிஷனெரிகளின் மாநாடும் ஏறத்தாழ இதே நிலையை மேற்கொள்ள, கார்ல் கிரவுல் தலைமையிலான லைப்சிக் லுத்தரன் மிஷனோ சாதி படிப்படியாகவே மறைய முடியும் என்று கருதிக் கட்டாயத்தைத் தவிர்த்தது. இதற்கு முன்பே, தஞ்சையின் வேதநாயகம் சாஸ்திரியார் சாதி என்பது சமூக வழக்கமே அன்றிச் சமய நம்பிக்கை அன்று என வாதிட்டு, புதிய மிஷனெரிகளின் கட்டாயத்தை எதிர்த்திருந்தார். பந்தியில் இடம் மறுக்கப்பட்டவரின் பக்கமிருந்து நோக்கினால் அவ்வாதம் நிற்காது. உடன் உண்ண மறுப்பது ஒருவரது மாண்பை மறுப்பதே ஆதலால், 1847ஆம் ஆண்டு விதியின் நோக்கம் நேரியதே. அவ்விதியைப் பிறப்பித்தவர்கள் தம் வாழ்வில் எவ்வளவு தூரம் அதற்கு உட்பட்டார்கள் என்பதே எஞ்சும் கேள்வி.

அதற்கு விடை தேட மலைக்குச் செல்லவேண்டும். சமவெளியின் வெப்பத்துக்கும் நோய்க்கும் ஒதுங்கிய இதே மிஷனைச் சேர்ந்தோர், சமபந்தி விதிக்கு இரண்டாண்டு முன்னதாக, 1845இல் கொடைக்கானலில் முதல் வீடுகளை அமைத்தனர். பள்ளங்கி, வில்பட்டி போன்ற பழைய மலையூர்களுக்கு அருகே எழுந்த இக்குடியிருப்புக்கு, பெரியகுளத்தை அடுத்த கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து குதிரையிலோ, கூலியாட்கள் தோளில் சுமந்த டோலியிலோதான் ஏறவேண்டியிருந்தது. 1890இல் உருவான கொடைக்கானல் மிஷனெரி யூனியன் பல சபைப்பிரிவினரை ஒன்றாக வழிபடவும் கலந்து பேசவும் வைத்தது; பிரிவுகளின் வேலியைத் தாண்டிய அந்தப் பழக்கத்தைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆயினும் பெயருக்கேற்ப அது மிஷனெரிகளின் ஐக்கியமாகவே நின்றது. 1901இல் தோன்றிய ஹைக்ளெர்க் பள்ளியும் அவர்களுடைய பிள்ளைகளுக்கென்றே தொடங்கப்பட்டு, 1970களில்தான் பன்னாட்டுப் பள்ளி என்ற வடிவத்தை அடைந்தது. சமவெளியில் பந்தியைப் பொதுவாக்கியவர்களின் கோடை வாழ்வு தனிப்பந்தியாகவே நடந்தது. திருநெல்வேலிச் சீமையில் பிறந்த வே. ச. அசரியா 1910இல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில், மிஷனெரிகளின் தியாகத்தை நன்றியோடு ஏற்றும், இந்தியருக்கு அவர்களிடமிருந்து கிடைக்காதது நட்பே என்று சுட்டியது இந்த முரணைத்தான்.

கத்தோலிக்கத் திருச்சபையில் இதே சிக்கல் கட்டடமாகவே உருக்கொண்டது. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கோவில், பீடத்திலிருந்து இரு கைகளாகப் பிரிந்து விரியும் அமைப்புடையது. ஒருபுறம் வேளாளரும் மறுபுறம் நாடாரும் நின்று, ஒரே பீடத்தைக் கண்டும் ஒருவரையொருவர் காணாமல் வழிபட இயன்றது. இரு சாராரையும் பிரித்த இடைச்சுவர் 1910இல் இடிக்கப்பட்டபோது எழுந்த கலகமும் வழக்கும், சுவரை அகற்றுவதும் ஐக்கியத்தை உண்டாக்குவதும் வெவ்வேறு பணிகள் என்பதை உணர்த்தின.

1947 செப்டம்பர் 27இல் ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை மரபுகள் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை உருவாக, மதுரை மிஷனின் சபைகளும் அதில் அடங்கின. அதன் 1950ஆம் ஆண்டுத் திருவிருந்து முறைமையில் ‘சமாதானம் வழங்குதல்’ என்ற பழஞ்சடங்கு மீண்டும் இடம்பெற்றது: வழங்குபவர் தம் வலது உள்ளங்கையைப் பெறுபவரின் வலது உள்ளங்கையோடு சேர்க்க, இருவரும் தத்தம் இடது கையால் மற்றவரின் வலது கையை மூடுகின்றனர், பெற்றவர் அடுத்தவருக்கு வழங்க, அது பீடத்திலிருந்து சபை முழுவதும் பரவுகிறது. தீண்டலையே தீட்டாகக் கருதிய சமூகத்தில் இச்செயலின் பொருள் விளக்காமலே புலப்படும். மேலும், 1847ஆம் ஆண்டுப் பந்தியில் சோதிப்பவரும் சோதிக்கப்படுபவரும் இருந்தனர். இங்கே வழங்குபவர் ஆயரே ஆனாலும் அவர் கையும் பெறுபவரின் கையால் மூடப்படுகிறது.

ஆனாலும் சடங்கு வாரத்துக்கு ஒருமுறை செய்வதை ஊர் வழக்கம் ஆறு நாளும் குலைக்கக்கூடும். 2008இல் எறையூர் என்னும் கத்தோலிக்கப் பங்கில், தங்கள் சிற்றாலயத்தைத் தனிப்பங்காக அறிவிக்கவேண்டும் என்று தலித் கத்தோலிக்கர் கோரியதையொட்டி மூண்ட வன்முறையும் துப்பாக்கிச்சூடும் இதற்குச் சான்று. தனிப்பங்கு கேட்பது ஐக்கியத்துக்கு எதிரானதாகத் தோன்றலாம். பொதுக்கோவிலிலும் கல்லறையிலும் சமஇடம் இல்லாதவர் தம் மதிப்பைக் காக்கக் கோருவதையும், மேலிருப்போர் தம் மதிப்புக்காகச் சுவர் எழுப்புவதையும் ஒரே தட்டில் வைக்க இயலாது. ஆகவே ஒரு சபையின் ஏற்பை, வாசல் யாருக்குத் திறந்திருக்கிறது என்பதைக் கொண்டு மட்டும் அளப்பது போதாது. பங்குப்பேரவை, பிரசங்க பீடம், கல்லறைத் தோட்டம் ஆகியவற்றின் விதிகளை வகுக்கும் இடத்தில் புதிதாக ஏற்கப்பட்டவருக்கும் குரல் உண்டா என்பதையும், அக்குரலால் பழைய சபையார் தம் வழக்கத்தை மாற்றிக்கொண்டார்களா என்பதையும் கொண்டே அதை அளக்கவேண்டும்.