மேடையில் பேஸ் கிட்டார்: எந்த ஆம்ப், எந்தப் பெடல், எதை முதலில் வாங்குவது?

திருமண விருந்திலும் கோயில் திருவிழா மேடையிலும் கூட்டம் பாடகரைப் பார்க்கும், கீபோர்ட்காரரைப் பார்க்கும். ஓரமாக நின்று பேஸ் கிட்டார் வாசிப்பவரை அவ்வளவாக யாரும் கவனிப்பதில்லை. ஆனால் பாட்டின் நடுவே அவருடைய ஆம்ப் நின்றுவிட்டால், என்ன குறைந்தது என்று சொல்லத் தெரியாதவர்களுக்கும் ஏதோ குறைந்துவிட்டது புரியும். ஆடுகிறவர்களின் கால் தளரும், பாட்டு மெலிந்துபோகும்.

நம் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் இசைக்குழுக்களில் சேரும் இளைஞர்கள், முதல் சில நிகழ்ச்சிகளில் கிடைக்கும் பணத்தை எதில் போடுவது என்று குழம்புவது வழக்கம். கடையில் வண்ண வண்ணப் பெடல்கள் கண்ணைப் பறிக்கும். ஆனால் மேடையில் ஒருவரைக் காப்பாற்றுபவை வேறு: பாதுகாப்பான மின்சாரம், சரியான சுருதி, தெளிவான அடிநாதம். அதற்குப் பிறகுதான் மற்றவை.

பேஸின் வேலை என்ன?

1951-இல் ஃபெண்டர் நிறுவனம் பிரிசிஷன் பேஸை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதற்கு முன் ஆள் உயர டபுள் பேஸைத் தூக்கிக்கொண்டு அலைந்த கலைஞர்களுக்கு, தோளில் மாட்டி வாசிக்கும் கருவி கிடைத்தது. நான்கு கம்பிகள்: ஈ, ஏ, டி, ஜி. அவற்றின் அதிர்வு முறையே ஏறத்தாழ 41, 55, 73, 98 ஹெர்ட்ஸ். சாதாரணக் கிட்டாரின் மிகத் தாழ்ந்த கம்பி 82 ஹெர்ட்ஸ். அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே பேஸ் தொடங்குகிறது.

தமிழ்த் திரையிசை ரசிகர்களுக்கு இந்த நாதம் புதிதல்ல. இளையராஜாவின் பாடல்களில் பேஸ் பல இடங்களில் தனி மெட்டாகவே நடக்கும். ஏ.ஆர். ரஹ்மானின் பாடல்களில் வாசித்த சென்னைக் கலைஞர் கீத் பீட்டர்ஸின் வாசிப்பைக் கவனித்துக் கேட்டாலே, எங்கே வாசிக்க வேண்டும், எங்கே சும்மா இருக்க வேண்டும் என்பது விளங்கும்.

நம் குழுக்களில் ஒரு சிக்கல் உண்டு. கீபோர்ட்காரரின் இடது கை, ரிதம் மெஷினில் பதிவான பேஸ், தபலாவின் டக்கா, டிரம்ஸின் கிக் ஆகிய எல்லாம் அதே தாழ்ந்த இடத்தில்தான் ஒலிக்கின்றன. ஒத்திகையிலேயே கீபோர்ட்காரரிடம், "அண்ணே, நான் வாசிக்கிற பாட்டுல உங்க இடது கையைக் கொஞ்சம் மேல வெச்சுக்கிறீங்களா? மெஷின்ல இருக்கிற பேஸையும் நிறுத்திடலாம்" என்று கேட்டுவிடுங்கள். காசு செலவில்லாமல் ஒலி தெளியும் வழி இது.

வாட் கணக்கு

தாழ்ந்த நாதத்தை நம் காது மெதுவாகவே கேட்கிறது. அதனால் கிட்டாருக்குப் போதுமான வாட் பேஸுக்குப் போதாது. வீட்டுப் பயிற்சிக்கு 30 வாட் போதும். டிரம்ஸுடன் ஒத்திகைக்கு 100 வாட்டுக்கு மேல் தேவைப்படும். பிஏ சிஸ்டத்தின் துணையில்லாமல் மண்டபத்தில் வாசிக்க 300 வாட்டாவது கையில் இருப்பது நல்லது.

வாட்டை இரட்டிப்பாக்கினால் சத்தம் இரட்டிப்பாகாது. 100 வாட்டுக்கும் 200 வாட்டுக்கும் உள்ள வேறுபாடு 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற ஏறத்தாழ பத்து மடங்கு வாட் வேண்டும். ஆகவே பெட்டியின் மேல் எழுதியிருக்கும் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஸ்பீக்கரின் திறனும் பெட்டியின் அளவும் அதே அளவு முக்கியம்.

1969-இல் வந்த ஆம்பெக் எஸ்விடி 300 வாட் வால்வு ஆம்ப்; அதன் ஒலிபெருக்கிப் பெட்டியில் 10 அங்குல ஸ்பீக்கர்கள் எட்டு. அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். இன்று கிளாஸ் டி வகை ஆம்புகள் அதே வாட்டை இரண்டு மூன்று கிலோ எடையில் தருகின்றன. காரின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் நம் கலைஞர்களுக்கு இது பெரிய வசதி.

கிட்டார் ஆம்பில் பேஸை மாட்டி ஓங்கி வாசிக்க வேண்டாம். அதன் ஸ்பீக்கர் அந்த அசைவைத் தாங்காமல் கிழியலாம்.

ஓம் கணக்கு

8 ஓம் பெட்டிகள் இரண்டை வழக்கம்போல் இணையாக மாட்டினால் மொத்தம் 4 ஓம் ஆகும். அதே இரண்டு 4 ஓம் பெட்டிகள் என்றால் 2 ஓம். ஆம்பின் பின்புறம் எழுதியிருக்கும் குறைந்தபட்ச ஓமுக்குக் கீழே போனால் ஆம்ப் சூடேறி நின்றுவிடும், அல்லது பழுதாகும். ஆம்பிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் கம்பி தடித்த ஸ்பீக்கர் கேபிளாகவே இருக்க வேண்டும். கிட்டாருக்குப் பயன்படும் கேபிளை அங்கே மாட்டக்கூடாது.

மின்சாரம்: இதில் விளையாடக்கூடாது

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ஜப்பானில் 100, அமெரிக்காவில் 120. ஜப்பானிலிருந்து வரும் பழைய ஆம்புகள் மலிவாகக் கிடைக்கலாம். பின்புறத்தில் 100 வோல்ட் என்று மட்டும் இருந்தால், தகுந்த ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் சுவரில் மாட்டாதீர்கள். 100-240 வோல்ட் என்று எழுதியிருந்தால் கவலையில்லை.

மேடையில் "ம்ம்ம்" என்று இரைச்சல் வந்தால் சிலர் பிளக்கின் எர்த் முள்ளை உடைத்துவிடுகிறார்கள். அந்த முள்தான் உங்கள் உயிரைக் காப்பது. ஆம்பில் கோளாறு ஏற்பட்டால், கம்பியில் கையும் மைக்கில் உதடுமாக நிற்பவரின் உடல் வழியாக மின்சாரம் பாயும். இரைச்சலை நீக்க டிஐ பெட்டியில் இருக்கும் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானைப் பயன்படுத்துங்கள். அது சிக்னல் கம்பியின் எர்த்தை மட்டுமே பிரிக்கும்.

தோட்டத்துத் திருவிழாவில் ஜெனரேட்டர் ஓடினால், மேடைக் கருவிகளும் பிஏ சிஸ்டமும் ஒரே இணைப்பிலிருந்து மின்சாரம் எடுக்கட்டும். அதில் ஈஎல்சிபி இருக்கிறதா என்று கேளுங்கள். மைக்கைத் தொட்டதும் உதட்டில் சுரீர் என்றால் வாசிப்பை நிறுத்திவிட்டு, உரிமம் பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள். ஈரத் தரையில் வெறுங்காலோடு வாசிக்க வேண்டாம்.

டிஐ பெட்டி

பெரிய மண்டபத்தில் கூட்டத்துக்குப் பேஸைக் கொண்டு சேர்ப்பது பிஏ சிஸ்டம்தான். உங்கள் ஆம்ப் மேடைக்கு மட்டும். கிட்டாரின் சிக்னலை நீண்ட மைக் கேபிளில் இரைச்சலில்லாமல் மிக்சருக்கு அனுப்புவது டிஐ பெட்டி. பல ஆம்புகளில் இது உள்ளேயே இருக்கும். அதில் பிரீ, போஸ்ட் என்ற பொத்தான் இருந்தால் பிரீயில் வையுங்கள். அப்போது நீங்கள் ஆம்பில் திருகுவது மண்டபத்தின் ஒலியைக் கெடுக்காது. சப்வூஃபர் இல்லாமல் கம்பத்தில் நிற்கும் சிறிய ஸ்பீக்கர்கள் மட்டும் இருந்தால் அவற்றை நம்ப வேண்டாம்.

பெடல்கள்

முதல் பெடல் டியூனர். மேடை விளக்கின் சூட்டிலும் குளிர்சாதனக் காற்றிலும் கம்பியின் சுருதி மாறும். டியூனரை மிதித்தால் சத்தம் அடங்கி, யாருக்கும் கேட்காமல் சுருதி சேர்க்கலாம்.

இரண்டாவது கம்ப்ரஸர். ஓங்கி வாசித்த சுரத்தையும் மெல்ல வாசித்த சுரத்தையும் அது சமப்படுத்தும். அளவு மீறினால் விரலின் உயிரோட்டம் போய்விடும்.

மூன்றாவது, டிஐ வசதியுள்ள பிரீஆம்ப் பெடல். டெக் 21 நிறுவனத்தின் சான்ஸாம்ப் பேஸ் டிரைவர் இவ்வகையில் புகழ்பெற்றது. ஆம்ப் கெட்டுப்போன இரவில் இந்த ஒரு பெடலோடு நேராக மிக்சரில் மாட்டி நிகழ்ச்சியை முடித்துவிடலாம்.

ஓவர்டிரைவ், கோரஸ், ஆக்டேவ் ஆகியவை இதற்குப் பிறகுதான். ஓவர்டிரைவ் வாங்கினால் தூய ஒலியையும் கலந்து தரும் பிளெண்ட் திருகு உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையேல் அடிநாதம் கரைந்துபோகும். மாட்டும் வரிசை பொதுவாக டியூனர், ஆக்டேவ், கம்ப்ரஸர், ஓவர்டிரைவ், கோரஸ், கடைசியில் பிரீஆம்ப்.

பெரும்பாலான பெடல்கள் 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ். அடாப்டரை மாற்றி மாட்டினால் பெடல் பழுதாகலாம். ஒவ்வொரு பெடலும் எத்தனை மில்லியம்பியர் கேட்கிறது என்று கூட்டிப் பார்த்து, அதைவிடக் கூடுதலாகத் தரும் அடாப்டரை வாங்குங்கள்.

மண்டபமும் திடலும்

பேஸ் கேட்கவில்லை என்றால் உடனே பேஸ் திருகை ஏற்றுவது பலர் செய்யும் தவறு. மண்டபம் முழங்கும், சுரம் புரியாது. 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே கொஞ்சம் குறைத்து, 700 முதல் 1,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள மிட் பகுதியைச் சற்று ஏற்றுங்கள். ஆம்பைச் சுவர் மூலையில் வைத்தால் முழக்கம் கூடும். உறுதியான மேசைமேல் உயர்த்தி வைத்தால் உங்கள் காதுக்கு நன்றாகக் கேட்கும். மேடைப் பலகையும் அதிராது. திறந்த திடலில் சுவரே இல்லாததால் அடிநாதம் காற்றோடு போய்விடும். அங்கே சப்வூஃபர் அவசியம்.

ஒலிச் சோதனையின்போது நீண்ட கேபிளோடு கீழே இறங்கி, சாப்பாட்டு மேசைகளின் நடுவில் நின்று கேளுங்கள். விருந்தினர் பேசிக்கொள்ள முடியாத அளவுக்குச் சத்தம் இருந்தால் அடுத்த முறை உங்கள் குழுவை அழைக்க மாட்டார்கள்.

காதையும் காத்துக்கொள்ளுங்கள். 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம் என்றால், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். இசைக் கலைஞர்களுக்கான காதடைப்பான் ஒரு பெடலைவிட மலிவு. இழந்த செவித்திறனைத் திரும்ப வாங்க முடியாது.

வாங்கும் வரிசை

நல்ல கேபிள்கள் இரண்டு, டியூனர், காதடைப்பான், டிஐ வசதியுள்ள பிரீஆம்ப், பிறகு ஆம்ப், அதன் பின் கம்ப்ரஸர். மற்ற பெடல்களை ஒவ்வொன்றாக, எந்தப் பாட்டுக்கு வேண்டும் என்று தெரிந்தபின் வாங்கலாம். நிகழ்ச்சி முடிந்ததும் கம்பிகளை உலர்ந்த துணியால் துடைத்து, பையில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். நம் ஊர் ஈரக் காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும்.

இவ்வளவும் சரியாக அமைந்தால் மேடையில் உங்களை யாரும் கவனிக்கப் போவதில்லை. ஆனால் கூட்டத்தின் கால்கள் தாளம் போடும். அதுவே உங்களுக்கான கைத்தட்டல்.